டப்பாவுக்குள் குடித்தனம்

1980களில் நான் லென்ஸ் போட ஆரம்பித்தபோது, எங்கள் மாம்பலம் வீட்டில் அதற்குப் பாட்டியின் மடிப்புடவைக்குரிய மரியாதை. கண்ட கையால் தொடக்கூடாது. ராத்திரி கழற்றி, உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து, உப்புக் கரைசலில் அலசி, டப்பாவோடு மின்சாரப் பெட்டியில் வைத்துச் சூடாக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. "பேசாம கண்ணாடியையே போட்டுக்கோயேண்டா" என்பாள் அம்மா. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டோ விக்டர்லே என்ற செக் வேதியியலாளர், பிள்ளைகளின் பொம்மை செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே வார்த்தெடுத்த மென்லென்ஸ், மாம்பலத்துக்கு வந்ததும் ஆசாரம் ஏறிவிட்டது.

அந்தச் சூட்டில் கிருமி செத்தது வாஸ்தவம். கூடவே கண்ணீரிலிருந்து படிந்த புரதமும் லென்ஸிலேயே இறுகிக்கொண்டது. வழவழப்புப் போன இடத்தில் சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியாவுக்கு நல்ல பிடிமானம். ஒட்டியபின் கூட்டமாகச் சேர்ந்து மேலே ஒரு கொழகொழப் படலம் போர்த்திக்கொள்ளும். கரைசல் உள்ளே இறங்கத் திணறும். இந்தக் குடித்தனம் அதிகம் நடப்பது டப்பாவில்தான். லென்ஸுக்கு அத்தனை விதி சொன்ன டாக்டர், டப்பாவைக் கவிழ்த்துக் காயவைக்கும்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: கொல்வானேன், ஒட்டவிடாமல் செய்தால் போதாதா? சிட்னி பக்கம் பாட்டனி விரிகுடாவில் டெலிசியா புல்க்ரா என்றொரு சிவப்புக் கடற்பாசி. கடலில் மற்றதெல்லாம் அழுக்கேறிக் கிடக்க, இது மட்டும் சுத்தமாக இருந்தது. அதிலுள்ள ஃப்யூரனோன்கள், பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் சேதியைக் குழப்பிவிடுகின்றன. சேதி போகாவிட்டால் குடியேற்றமும் தடுமாறும். அந்த ஃப்யூரனோன்களை லென்ஸில் பூசியும் பார்த்தார்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கிற மாதிரி, 1990களில் ஒருநாள் லென்ஸ் வந்தது. காலையில் புதிது, ராத்திரி குப்பைத்தொட்டி. கரைசல் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். கிருமி குடித்தனம் வைக்க அவகாசமே கிடையாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

போன வாரம் தம்பி மகன் வந்து தங்கினான். பாத்ரூம் அலமாரியில் என் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் இரண்டு சட்னிக் கிண்ணங்கள். தண்ணீரில் கிண்ணத்துக்கொன்றாக அவனுடைய ஒருநாள் லென்ஸ்கள். ஐந்தாம் நாளாம். தண்ணீரில் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கும், கருவிழியையே அரித்துவிடும் என்று நான் ஆரம்பித்தேன்.

"குழாய்த் தண்ணி இல்ல பெரியப்பா, ஆர்.ஓ.தான்" என்றான்.