வாய் திறக்காத அக்கா

இத்தாலிய எழுத்துகள் மொத்தம் 21. ஆங்கிலத்தில் உள்ள ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஐந்தும் இரவல் சொற்களோடு விருந்தாளிகளாக வந்துபோகும். ஐந்தாறு வயதுக் குழந்தைக்குச் சொற்புதிர் போட்டுக் கொடுப்பவருக்கு இது முதல் ஆறுதல். ஏறக்குறைய எல்லாச் சொற்களும் உயிரொலியில் முடிவது இரண்டாவது ஆறுதல். கடைசிக் கட்டத்தில் தோன்றிய உயிரெழுத்தைப் போட்டுவைக்கும் தந்திரத்தைக் குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆறுதல்கள் இத்துடன் முடிந்தன. அடுத்து வருவது இரட்டிப்பு. தமிழில் படம் பட்டமாவதுபோல, அங்கே 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. பேச்சில் குழந்தை நாக்குப் பிசகினாலும் தாத்தா திரும்பிப் பார்த்துவிடுவார். கட்டம் அப்படி விட்டுக்கொடுக்காது: நாலு கட்டத்துக்குள் ஐந்தெழுத்துத் தாத்தாவை உட்காரவைக்க முடியாது. புதிரின் பயனே இந்த இரக்கமின்மைதான்.

ஓரிடத்தில் மட்டும் கட்டமும் கண்ணை மூடிக்கொள்ளும். இத்தாலியக் குறுக்கெழுத்தில் அழுத்தக்குறிக்குக் கணக்கில்லை. 'பபா' என்றால் அப்பா. கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு இருக்கும். கோடு போனால் 'பாபா', அதாவது போப்பாண்டவர். வீட்டில் இருப்பவரா வாத்திகனில் இருப்பவரா என்பதைக் குறிப்புதான் சொல்லவேண்டும். நடுவில் இன்னொரு 'பி' சேர்ந்தால் 'பப்பா', குழந்தைக்கு ஊட்டும் கூழ்.

'எச்' எழுத்துக்கு இத்தாலியில் பெயர் 'அக்கா'. இந்த அக்கா வாயே திறப்பதில்லை. சொந்தமாக ஒலி கிடையாது. தமிழ் வீடுகளில் இப்படியொரு அக்கா கிடைப்பது அரிது. ஆனால் அதிகாரத்துக்குக் குறைவில்லை. 'சி' எழுத்து இகர எகரங்களுக்கு முன் 'ச' என்று இரையும். இடையில் அக்கா வந்து நின்றால் 'க' என்று அடங்கிவிடும். திறவுகோலுக்கு அங்கே 'கியாவே' என்று பெயர். அக்காவை எடுத்தால் 'சாவே' ஆகி, போர்ச்சுகீசியர் வழியே தமிழுக்கு வந்த அதன் உறவுக்காரச் சாவியைப் போலவே ஒலிக்கும். ஒன்றுமே விளங்காதபோது, 'ஓர் அக்காகூடப் புரியவில்லை' என்பது இத்தாலியர் வழக்கு.

வாசிக்கத் தொடங்கும் வயதுக்குக் குறிப்புகளைவிடப் படங்களே நல்லவை. அதிலும் முட்டைப் படம் போடுபவர் யோசித்துப் போடவேண்டும். ஒரு முட்டை 'உவோவோ', ஆண்பால். இரண்டு முட்டைகள் 'உவோவா', பெண்பால். ஏன் என்ற கேள்விக்கு லத்தீனில் விடை உண்டு. ஐந்து வயதுக்கு அது விடையாகாது. சொல்தேடல் கட்டத்தில் சொற்கள் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் ஓடினால் போதும். பின்னோக்கி ஒளித்துவைப்பது பெரியவர்களின் குரூரம். மிலானில் 1932 முதல் வரும் 'லா செத்திமானா எனிக்மிஸ்திகா' என்ற புதிர் வார இதழில் ஊறிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பென்சிலைத் தானே பிடுங்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

எழுத்து மாற்றத்துக்கு 'ரோமா' ஒன்றே போதும்: கலைத்துப் போட்டால் 'ராமோ' கிளை, 'ஓர்மா' காலடித் தடம். ஓரெழுத்தை நீக்கும் விளையாட்டுக்குப் பெயர் 'ஸ்கார்த்தோ'. எழுத்து வடிவப் பாஸ்தா மிதக்கும் சூப்பில் இதைக் கரண்டியாலேயே ஆடலாம். பல்லாவில் ஓர் 'எல்'லைத் தின்றால் பந்து மண்வாரியாகும். நொன்னோவில் ஓர் 'என்'னைத் தின்றால் தாத்தா ஒன்பதாவது ஆகிவிடுவார். கடைசியில் கிண்ணத்தின் அடியில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் அக்காதான். அப்போதும் அவள் ஒன்றும் சொல்வதில்லை.