முதல் தீர்த்தக்காரர்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் புறப்பாட்டில், பெருமாளுக்கு முன்னே பிரபந்தம் சேவித்துக்கொண்டு கோஷ்டி போகும். அதில் ஒருவருக்கு வாய் பாசுரத்தில், கண் பக்கத்து ஆளின் காலில். அந்தக் கால் தம் காலைத் தாண்டி அரையடி போய்விடக் கூடாது.

அவர் வைணவத்தின் இரு பிரிவுகளில் எந்தக் கலை என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் இருக்கிறார். நாமத்தின் பாதம் மூக்கில் இறங்கினால் தென்கலை, இறங்காவிட்டால் வடகலை. பேச்சு மட்டும் ஒன்றே.

"அடியேன் ஒண்ணுமில்லாதவன், ஸ்வாமி. ஆனா முதல் தீர்த்தம் தாத்தா காலத்துலேர்ந்து எங்காத்துக்குத்தான்!"

தத்துவத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், அது வடகலை. பூனைக் குட்டியைத் தாயே கவ்விப் போகும், அது தென்கலை. பேதங்கள் பதினெட்டு என்பார். ஐந்துக்கு மேல் கேட்டால் செருமுவார்.

இரு கலைக்கும் இடையிலான வழக்கைப் பற்றிக் கேட்டீர்களோ, அன்றைக்கு உங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே கோர்ட் ஏறிய சண்டை இது. பெருமாள் படத்துக்குப் பின்னால் தீர்ப்பு நகல்கள் பழுப்பேறிக் கிடக்கும். 2022-இல் இந்தக் கோயிலில் யார் எந்த வரிசையில் உட்காருவது என்பதைக்கூடச் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. யானை நெற்றிக்கு எந்த நாமம் என்ற தகராறு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதாக உலவும் கதையை அவர் சொன்னால், யானையே கூண்டேறிச் சாட்சி சொன்னதாகத் தோன்றும்.

இத்தனைக்கும் பெருமாள் பொது, ராமானுஜர் பொது, நாலாயிரப் பிரபந்தமும் பொது. சேவிக்கத் தொடங்குமுன் ஆசாரியரைப் போற்றிச் சொல்லும் தனியன் யாரைப் பற்றியது என்பதில்தான் தொண்டை கிழிகிறது. வடகலையார் வேதாந்த தேசிகரைச் சொல்வார்கள். தென்கலையார் மணவாள மாமுனிகளைச் சொல்வார்கள். சம்பிரதாயக் கணக்குப்படி தேசிகர் பரமபதித்தது 1369-இல். மாமுனிகள் பிறந்தது 1370-இல். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியிராத இருவருக்காக, தினமும் பார்த்துக்கொள்ளும் இரண்டு கிழவர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர்களும் ஒன்றுசேரும் நேரம் உண்டு. எங்கிருந்தோ வந்த ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி கோஷ்டிக்கு நடுவே புகுந்தால், "ஓய், அந்தண்டை நகரும்!" என்று இரு கலையும் ஒரே குரலில் அதட்டும். ஆள் நகர்ந்ததும், முதலில் அதட்டியது யார் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.