கதவை மெதுவாச் சாத்துங்க

கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் பச்சை விளக்கு விழுந்ததும் எல்லா வண்டிகளும் போய்விடும். ஒன்று மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதை ஓட்டுகிறவர்தான் நம்முடைய பழைய பென்ஸ்காரர். 1983-இல் செய்த மெர்சிடிஸ் 240டி. 72 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பின்னால் நின்று ஹாரன் அடிக்கும் பையனைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பார். கோபப்பட மாட்டார். “பாவம், சாகற வண்டி வெச்சிருக்கான். அதுக்குள்ள போய்ச் சேரணும்ல” என்பார்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். கோவைக்காரரிடம் சில விசேஷங்கள் உண்டு. பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறையை மகனிடம் ஒப்படைத்திருப்பார். அரைக்கை வெள்ளைச் சட்டை, அதன் பையில் பேனாவுக்குப் பதில் மடித்த மஞ்சள் துணி. பேசிக்கொண்டே நீங்கள் பானட்டில் கை ஊன்றினால், கையை எடுத்த மறுநொடி அந்த இடத்தில் துணி ஓடியிருக்கும். நம் மனம் புண்படக் கூடாதென்று, துடைக்கும்போது அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

“டாக்சி வண்டிதானுங்களே இது, ஜெர்மனில?” என்று விவரம் தெரிந்த யாராவது வாய்விட்டால் தொலைந்தது. அவர் நேராகக் கிரேக்க நாட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே கிரிகோரியோஸ் சகினிடிஸ் என்றொரு டாக்சி ஓட்டுநர், இதற்கு முந்தைய தலைமுறை 240டி ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்தார். அந்தப் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வார். சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடும்போது மட்டும் பெயர் ஞாபகம் வராமல் “ஏனுங்க மாப்பிள்ளை” என்று சமாளிப்பார்.

வண்டி வந்த வழியையும் கேட்டாக வேண்டும். எண்பதுகளில் வெளிநாட்டுக் கார் என்றால் தலைசுற்றும் சுங்க வரி. டில்லித் தூதரகங்களில் வேலை முடிந்து போகிறவர்கள் விட்டுச்செல்லும் கார்களை எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் ஏலம் விடும். அப்படி ஒரு மில்காரர் எடுத்த வண்டி இது. அவர் காலத்துக்குப் பிறகு ஷெட்டில் கிடந்து, பின்சீட்டில் கோழி அடைகாத்த நிலையில் நம்மவர் கண்ணில் பட்டது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை வாங்கினார். அந்த இறகு ஒன்று இன்னும் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது. வரலாற்று ஆவணமாம்.

அதற்கப்புறம் நடந்தது வழிபாடு. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை கடையாக அலைந்தார். அங்கே கிடைக்காததை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். அதுவும் அகப்படாததைப் பீளமேட்டு லேத்துக்காரரிடம் உட்கார்ந்து கடைந்தெடுத்தார். “கம்பெனிக்காரன் போட்டதைவிட இது கெட்டிங்க” என்று அந்தப் புஷ்ஷை நம் கையில் வைத்து உருட்டுவார். இந்த ஊரில் அது வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

எல்லாவற்றையும்விட அவரை அதிகம் படுத்தியது காற்று. இந்த வண்டியில் நான்கு கதவையும் ஒரே சாவியில் பூட்டுவது மின்சாரம் இல்லை. இன்ஜின் உறிஞ்சி வைத்த வெற்றிடம். மெல்லிய குழாய்கள் கதவுக்குள் புகுந்து ஓடும். இன்ஜினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். எங்கேனும் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு இறங்கிய பிறகும் வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை விரலால் அழுத்த வேண்டும். தெருவே வேடிக்கை பார்த்த நாட்கள் அவை. “நான் போனப்புறமும் உங்க வண்டி ஓடிட்டுத்தான் இருக்கும் போல” என்று வீட்டம்மா சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்கிறது. கதவு பூட்டினால் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு, மற்ற மூன்றும் பணிகின்றன. ஒழுகல் இல்லை, புகை இல்லை, ஆட்டம் இல்லை. நோயாளி பிழைத்துவிட்டார், வைத்தியருக்குத்தான் வேலை போய்விட்டது.

அதனால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். “ஸ்ஸ்... பேசாதீங்க. வலது பக்கம் பின்னாடி ஏதோ கிணுங்குதே?” நமக்கு ஒன்றும் கேட்காது. ஓரங்கட்டிப் பார்த்தால் பின்சீட்டில் வீட்டம்மாவின் தூக்குப்போசி. மூடியை இறுக்கிவிட்டு வந்து உட்காரும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரியும், கொஞ்சம் ஏமாற்றமும் தெரியும். மகன் மின்சாரக் கார் வாங்கிவந்த அன்று, “சத்தமே வராதுப்பா” என்றான். “அப்புறம் அது நல்லா இருக்குதுன்னு எப்படிடா தெரிஞ்சுக்குவ?” என்று கேட்டார். மகன் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒளிக்க முடியாது. அந்த வண்டியில் போவது பரம சுகம். ஊருக்குள் லொடலொடவென்று டிராக்டர் சாயலில் பேசும் டீசல், பொள்ளாச்சி ரோட்டில் எழுபதைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஸ்டீயரிங் பெரிய வட்டம், மெல்லிய பிடி. இரண்டு விரலில் நிற்கும். பானட் நுனியில் அந்த நட்சத்திரம், சாலையின் இடது ஓரத்தை அளந்துகொண்டே போகும். வேகத்தடை வருகிறது என்று நாம் பல்லைக் கடித்தால், அது வந்து போனதே தெரியாது. வளைவில் உடம்பு சாயும், ஆனால் சக்கரம் சொன்ன இடத்தில்தான் இருக்கும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசியிலும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை; ஏற்றத்தில் அந்த இன்ஜினால் அவசரப்படவும் முடியாது. சீட்டுக்குள்ளே சுருள்கம்பி, அதன்மேல் ரப்பரில் தோய்த்த நாரும் முடியும் சேர்ந்த மெத்தை. “நம்ம பொள்ளாச்சித் தேங்கா நாருங்க” என்பார். நார் என்பது சரி. பொள்ளாச்சி அவராகச் சேர்த்தது.

ஆனால் ஓட்டிப் பார்க்க மட்டும் கேட்டுவிடாதீர்கள். “அடுத்த வாட்டிங்க” என்பார்.

அவினாசி ரோட்டிலேயே 2015-இல் திறந்த ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது. ஊர் விருந்தாளிகளைத் தவறாமல் கூட்டிப்போவார். எல்லோரும் வாய்பிளந்து வெளியே வருவார்கள், அவர் மட்டும் வாடிப்போய் வருவார். “எல்லாம் நிக்குதுங்க” என்பார். அரசாங்கத்தின் மேலும் அவருக்கு இதே வருத்தம்தான். 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிந்து, எண்பலகையில் தனி எழுத்து வாங்கலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. “2033-ல இதுக்கு அம்பதாகுது. எனக்கு எம்பதாகுது. ரெண்டு பேரையும் கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டிருவாங்களாக்கும்? நான் காய்கறி வாங்க இதுலதானுங்க போவேன்.” அதுவரைக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டுகிறார். காட்டும் நாளில் வண்டிக்கு விபூதி.

முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பென்ஸ் வேண்டும் என்று சொந்தத்தில் கேட்டால் மறுக்க மாட்டார். வண்டியைக் கொடுப்பார், சாவியைக் கொடுக்க மாட்டார். ஆக, ஊரில் பாதிக் கல்யாண ஆல்பங்களில் மாலை போட்ட மாப்பிள்ளைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருப்பது இவர்தான். போன தையில் பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர், வந்தவர் யாரென்று தெரியாமல், தாம்பூலப் பையும் ஐந்நூறு ரூபாய் பேட்டாவும் கொடுத்து, டிரைவர்களோடு பந்தியில் உட்கார்த்தி வைத்துவிட்டார். இவரும் மறுக்காமல் சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர், “ஜம்முன்னு ஓட்டறீங்கண்ணா. ஓனர் எப்படி?” என்று கேட்டிருக்கிறார்.

“கொஞ்சம் கிறுக்குங்க. ஆனா டீசலுக்குக் கணக்குக் கேக்கமாட்டாரு” என்றாராம், ரசத்தை ஊற்றச் சொல்லிக்கொண்டே.