நிற்றல் ஐந்திணை: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்டாண்ட், ஸ்டாப், ஸ்டேஜ், ஸ்டேஷன், டெர்மினஸ் ஆகிய ஐந்தும் வண்டி நிற்கும் இடத்தையே குறிக்கும் என்பார் உளர். அவர்கள் குரோம்பேட்டையில் பஸ் ஏறியவர் அல்லர். வேறுபாடு இடத்தில் இல்லை, பயணியின் மனநிலையில் உள்ளது என்பதே நம் துணிபு. தொல்காப்பியர் வகுத்த உரிப்பொருள் ஐந்தும் இதற்கு அளவுகோல்.

ஸ்டாண்ட் – புணர்தல். மேற்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ நிற்குமிடம். மூவர் இருக்கையில் நால்வர் அமர்ந்த பின்னும், “கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே” என்று ஐந்தாமவரைச் சேர்த்துவைப்பார் டிரைவர். முன்பின் அறியாதாரின் முழங்கையும் விலாவும் கூடுவதால் இது குறிஞ்சி.

ஸ்டாப் – இருத்தல். முல்லைத் தலைவி கார்காலத்தை நோக்கி இருந்தாள். சேலையூர் ஸ்டாப்பில் நிற்பவள் ஒயிட் போர்டு போட்ட சாதா பஸ்ஸை நோக்கி இருக்கிறாள். அடுத்தடுத்து டீலக்ஸ் வந்தாலும் மனம் பிறழாள். 2021 முதல் சாதா பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலின், அவள் உறுதி மேலும் கூடிற்று.

ஸ்டேஜ் – ஊடல். ஸ்டாப் எல்லாம் ஸ்டேஜ் ஆகா. கட்டணம் ஏறும் எல்லையே ஸ்டேஜ். அதைத் தாண்டியும் பழைய டிக்கெட்டோடு அமர்ந்திருப்பவருக்கும் கண்டக்டருக்கும் நிகழ்வது மருத ஊடல். தூது வரப் பாணன் இல்லை. செக்கிங் இன்ஸ்பெக்டர் வருவார்.

ஸ்டேஷன் – இரங்கல். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. நடைமேம்பாலத்தின் கடைசிப் படியில் கால் வைக்கும்போது கிளம்பிவிடும் வண்டியைக் கண்டு இரங்குவது இத்திணை. நெய்தலுக்குக் கடல் எங்கே என்பார்க்கு விடை: வண்டியின் மறுமுனை பீச். போலீஸ் ஸ்டேஷனும் இதில் அடங்குமோ எனின், இரங்கல் பொதுவாதலின் அடங்கும்.

டெர்மினஸ் – பிரிதல். பொருள் முடிவிடம். ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தில் தென்மாவட்டப் பயணம் தொடங்குகிறது. விடியலில் ஊரிலிருந்து வந்து இறங்குவோர்க்கும் அது முடிவதில்லை. வீட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பாலைக்குப் பொழுது வேனில் என்றனர் முன்னோர். இங்கே பொங்கலும் தீபாவளியும்.

ஆதலின், “எங்கே நிக்கிறீங்க?” என்று போனில் கேட்போர், “பஸ் நிக்கிற இடத்துல” என்ற விடையை ஏற்கலாகாது. திணை கேட்டுத் தெளிக. ஸ்டேஷன் என்று விடை வந்தால் மட்டும், ரயிலா போலீஸா என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுக் கிளம்புக.