ஆடிட்டர் மோனம்: குறிஞ்சி நிலத்தில் ஒரு திணை மயக்க ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நீலகிரியில் எதுவும் நெடுநாள் மறைந்திருக்க முடியாது. காட்டெருமை குன்னூர்த் தெருவுக்குள் நடந்து வருகிறது. கரடி கோத்தகிரியில் வீட்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கிறது. சிறுத்தை சிசிடிவி கேமராவில் பதிகிறது. ஜூலை மாதக் கடைசி வாரத்தில் ஆடிட்டர் மட்டும் எந்தக் கேமராவிலும் பதிவதில்லை.

இந்த மறைவை இதுவரை ஒழுக்கக் குறைவாகவே பேசிவந்திருக்கிறார்கள். "போனே எடுக்க மாட்டேங்கிறாருங்க" என்னும் புலம்பலைத் தாண்டி இத்துறை வளரவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத் துணைக்கு அழைத்தால், இது தனிமனிதக் குற்றம் அன்று, நிலமும் பொழுதும் முரண்பட்டதால் விளைந்த திணை மயக்கம் என்பது தெளிவாகும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை மேற்கே கூடலூர், கிழக்கே கோத்தகிரி. சம்பளக்காரர், பென்ஷன்தாரர், கடைக்காரர், ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி ஆகிய அனைவரும் இங்கே தலைவி எனப்படுவர். மீசை இருப்பினும் தலைவியே. ஆடிட்டர் தலைவன், பெண்ணாயினும் தலைவனே. காத்திருப்பவர் தலைவி, வராதவர் தலைவன் என்று கொள்க.

2. முன் வரலாறு

வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் கிடைக்காமை இம்மலைக்குப் புதிதன்று. பிரிட்டிஷார் காலத்தில் கோடை பிறந்தால் சென்னை மாகாண கவர்னர் தம் பரிவாரத்தோடு ஊட்டிக்கு ஏறிவிடுவார். கோப்புகளும் கூடவே ஏறும். மனுக் கொடுத்தவர் சென்னையில் வியர்த்தபடி மலையிலிருந்து பதில் வருமென்று காத்திருப்பார். இன்று திசை மட்டுமே மாறியிருக்கிறது. மனுக் கொடுத்தவர் மலையில் ஸ்வெட்டருக்குள் காத்திருக்க, வேண்டியவர் கோவைக்கு இறங்கிவிடுகிறார்.

வருமான வரி இந்தியாவுக்கு வந்தது 1860-ல். கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். அதை எதிர்த்தவர்களில் சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனே முன்னணியில் நின்றார். அவர் தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார். அந்த ஆண்டே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வரி விஷயத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்னும் பாடத்தை இம்மாகாணத்து ஆடிட்டர் மரபு அன்றே கற்றிருக்க வேண்டும் என்பது எம் துணிபு.

3. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நீலகிரி மலையும் மலை சார்ந்த இடமும் ஆதலால் குறிஞ்சி. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் புணர்தல். ஆகவே தலைவியும் ஆடிட்டரும் இங்கே தடையின்றிச் சந்தித்திருக்க வேண்டும். சந்திப்பதில்லை. என்னை? எனின், பொழுது பொருந்தவில்லை.

சம்பளக்காரரும் பென்ஷன்தாரரும் ரிட்டர்ன் போட வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அது ஆடி மாதம். ஆனியும் ஆடியும் முதுவேனில். முதுவேனில் பாலைக்குரியது; பாலையின் உரிப்பொருள் பிரிதல். நிலம் குறிஞ்சி, பொழுது பாலை. இரண்டும் மோதுகையில் பொழுதே வெல்கிறது, ஆடிட்டர் பிரிகிறார்.

"ஆடியில் இங்கே வெயில் ஏது? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டவில்லையா?" என்பாருக்கு விடை: தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. நனைந்த மலையிலும் அது வந்து தங்கும் என்க.

இக்கொள்கைக்கு வலுவான சான்று 2025-ல் கிடைத்தது. அந்த ஆண்டு மே மாதமே கடைசி நாளைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளினார்கள். அது ஆவணி, கார்காலம். கார் முல்லைக்குரியது, முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல். பிரிந்தவர் அப்போதும் வரவில்லை. ஆனால் வருவார் என்னும் நம்பிக்கையோடு ஆறு வாரம் கூடுதலாகக் காத்திருக்க முடிந்தது. இலக்கணம் இம்மியும் பிசகவில்லை.

செப்டம்பர் 15 நள்ளிரவை நெருங்கும் வேளையில், இன்னும் ஒரு நாள் கூட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. நள்ளிரவு யாமம், யாமம் குறிஞ்சியின் சிறுபொழுது. தலைவியும் தலைவனும் கூட வேண்டிய அந்த நேரத்தில், 12 மணி முதல் 2.30 வரை இணையதளம் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அகப்பொருள் நூலார் இதை இரவுக்குறி இடையீடு என்பர்.

சிறுபொழுதுக்கு இன்னொரு சான்று. 2024 ஜூலை 31 வரை நாடு முழுவதும் தாக்கலான ரிட்டர்ன்கள் 7.28 கோடி. அவற்றுள் 69.92 லட்சம் அந்தக் கடைசி நாளில் மட்டும் போடப்பட்டவை. மாலை 7 முதல் 8 மணிக்குள் 5.07 லட்சம். மாலை முல்லையின் சிறுபொழுது. பத்தில் ஒருவர் கடைசி நாள் வரை இருத்தல் ஒழுக்கம் காத்திருக்கிறார் என்பது பெற்றாம்.

4. கருப்பொருள்

தெய்வம், சர்வர். உணவு, டீயும் வர்க்கியும்; ஊட்டி வர்க்கி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றதால் ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து தின்பதற்குத் தகுதியானதே. மரம், சில்வர் ஓக். பறை, ரிங்டோன். யாழ், காலர் டியூன். தலைவி அதன் முதல் இருபது நொடியை மனப்பாடமாகப் பாடுவாள், பாட்டின் மீதி எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. தொழில், ஒரே ஃபார்ம் 16-ஐத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து அனுப்புதல்.

5. மோனத்தின் துறைகள்

அழைப்பெடா தொழிதலும், அனுப்பிய செய்திமேல்
நீலக் குறிவிழ நெடிதவண் அமைதலும்,
நாளை என்றலும், நாள்நீளும் என்றலும்,
கோவை சென்றனர் எனப்பிறர் கூறலும்,
ஐவகைத் தென்ப ஆடிட்டர் மோனம்.

நூற்பா எம்முடையது. "என்ப" என்றது மரபு கருதி. வேறு யாரும் சொல்லவில்லை.

இதன் உரை வருமாறு. அழைப்பெடாதொழிதல், மணி முழுதும் அடித்து ஓய்வது. "அந்தப் பக்கம் மழையில டவர் போயிருக்கும்" என்று தலைவி தானே காரணம் கற்பித்துக்கொள்வாள். நீலக் குறி, வாட்ஸப் டிக். படித்தார், பொருள் உணர்ந்தார், அமைந்தார். நீல டிக்கே விழாதபடி அணைத்து வைத்திருப்போர் இத்துறையில் கரைகண்டவர்கள். நாளை என்றல், "நாளைக்கு முடிச்சிரலாங்க" என்பது; அந்த நாளைக்குக் கிழமை கிடையாது.

நாள் நீளும் என்றல் தனியாக ஆராயத் தக்கது. "டேட் எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க, பாருங்க" என்னும் இவ்வாக்கு 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டும் பொய்த்தது. 2025-ல் பலித்தது. நான்கில் ஒருமுறை பலிக்கும் வாக்கைக் கைவிட எந்தச் சோதிடரும் துணியார்; ஆடிட்டரும் துணியவில்லை.

ஐந்தாவது ஆபீஸ் உதவியாளர் கூற்று. "சார் இப்பத்தானுங்க கெளம்புனாரு, கோயமுத்தூர் போயிருக்காருங்க." அகமரபில் தோழி தலைவியின் பக்கம் நிற்பாள். இங்கே அவளுக்குச் சம்பளம் தருபவர் தலைவன். திணை மயக்கத்துக்கு வேறு சான்று வேண்டா.

6. தலைவன் யாரிடம் போனான்?

மருதத் திணையில் தலைவன் வீட்டுக்கு வாராமைக்குக் காரணம் பரத்தை. இங்கும் அதுவே; ஒருத்தி அல்லள், பலர். மாதம் 7-ம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-1. 20-ல் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. இவர்கள் மாதந்தோறும் தவறாமல் வந்து கதவைத் தட்டுவார்கள். ஏப்ரல்–ஜூன் காலாண்டின் டி.டி.எஸ். கணக்கு விவரத்துக்கும் கடைசி நாள் ஜூலை 31. தலைவிக்கென்று ஆண்டில் ஒரு நாள். அந்த நாளிலும் பங்குக்கு ஆள் இருக்கிறது.

அதோடு நீலகிரிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வருமான வரி விதிகளின்படி, தன் தோட்டத்துக் கொழுந்தைத் தானே தூளாக்கி விற்பவருக்கு வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். கொழுந்தைப் பறித்து ஃபேக்டரிக்குப் போட்டுவிடும் சிறு விவசாயிக்கு முழுவதும் விவசாயம். மத்திய அரசின் வரி இல்லை. கொழுந்தை விலைக்கு வாங்கி மட்டும் தூளாக்கும் ஃபேக்டரிக்கு முழுவதும் வியாபாரம். கோப்பைக்கு வரும்போது ஒரே டீ. ஆடிட்டர் மேசையில் மூன்று கணக்கு.

கோத்தகிரியில் ஓர் ஆசிரியை. அம்மா வழியில் வந்த ஓர் ஏக்கர் தேயிலை அவருக்கு உண்டு. சம்பளம் மட்டும்தானே என்று எளிய ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் அவரை ஏற்காது. கொழுந்து விலை விழுந்திருந்தாலும் ஓர் ஏக்கரில் அந்தத் தொகை பெரும்பாலும் தாண்டிவிடும். ஐ.டி.ஆர்.-2-க்குப் போக வேண்டும். கொழுந்துக் காசுக்கு வரி இல்லை. ஆனால் சம்பளத்துக்கு எந்த வீதத்தில் வரி என்று கணக்கிடும்போது அதையும் கூட்டிப் பார்ப்பார்கள். "எங்கிட்ட என்னங்க இருக்கு, ஒரு சின்னக் கணக்குதானே" என்று அவர் அனுப்பும் செய்தியைப் படித்துத்தான் ஆடிட்டர் மோனத்தில் ஆழ்கிறார்.

7. இரங்கல்

நீலகிரியில் கடல் இல்லை. ஆயினும் ஆகஸ்ட் 1 அன்று நெய்தல் ஒழுக்கமாகிய இரங்கல் மலை முழுதும் கேட்கும். அதற்குச் சட்டம் தரும் காரணங்கள் சில. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரி இருந்தால் மாதம் 1 சதவீத வட்டி. இவை கண்ணுக்குத் தெரியும் காயம். தெரியாத காயம் வேறு: சம்பளக்காரர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். தவறினால் எல்.ஐ.சி. பிரீமியமும் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியும் காட்டிக் கழிக்கும் வழி அந்த ஆண்டுக்கு அடைபட்டுப் போகும். பங்குச் சந்தையில் விட்டதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

எனினும் இலக்கணம் கருணையுள்ளது. தாமத ரிட்டர்னுக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. அது மார்கழி, முன்பனி. முன்பனி குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது. நிலமும் பொழுதும் ஒருவழியாக ஒத்துப்போகின்றன. ஆடிட்டர் முதல் மணியிலேயே போனை எடுக்கிறார். புணர்தல் நிகழ்கிறது, கட்டணம் 5,000 ரூபாய்.

அதையும் விட்டவர்க்குப் புதுப்பித்த ரிட்டர்ன் என்றொரு வாயில் உண்டு. 2025 நிதிச் சட்டம் அதன் காலத்தை 48 மாதமாக நீட்டியது. நீலக்குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கூடுதல் வரி கட்ட வேண்டும். ரீஃபண்ட் கேட்டு அவ்வழியே நுழைய முடியாது.

8. தடையும் விடையும்

"தலைவி வேறோர் ஆடிட்டருடன் உடன்போக்கு மேற்கொண்டால் என்ன?" எனின், பாஸ்வேர்டு பழைய தலைவனிடம் இருக்கிறது. பலருக்கு இணையதளத்தில் பதிந்த போன் எண்ணும் மின்னஞ்சலும்கூட அவருடையவை. ஆதார் ஓ.டி.பி. மூலம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது பலர் அறியாத விடுதலை.

"தலைவி தானே தாக்கல் செய்தால் என்ன?" எனின், செய்யலாம். தளம் இலவசம். வங்கி வட்டியும் பிடித்த வரியும் பெரும்பாலும் முன்பே நிரப்பப்பட்டிருக்கும், 26ஏ.எஸ்.-ஐயும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒத்துப் பார்த்தால் போதும். பென்ஷன் மட்டும் உள்ளவருக்கு ஒரு மாலைப்பொழுது வேலை. ஆனால் அப்படிச் செய்தவர் யாரைப் பற்றிப் புலம்புவார் என்னும் கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

"தலைவன் அழைத்துத் தலைவி எடாமையும் உண்டோ?" எனின், உண்டு. ஜூலை 31 இரவு பதினொன்றரைக்கு ஆடிட்டர் தாமே அழைப்பார். "உங்களுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்குமுங்க" என்று சொல்வதற்காக. அதன் ஆயுள் 15 நிமிடம். தலைவியோ ஒன்பது மணிக்கே போனை சைலன்ட்டில் போட்டு ரெண்டு கம்பளிக்குள் போய்விட்டாள்; ஊட்டியில் ஒன்பது மணி பின்னிரவு. பிறகு ஆடிட்டர் வாட்ஸப்பில் எழுதுகிறார், காலர் டியூனை மனப்பாடம் செய்கிறார். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்த்தால் போதும் என்னும் விதிதான் அவரைக் காப்பாற்றுகிறது.

9. முடிபு

ஆடிட்டர் மோனத்தைச் சட்டம் அறியாது. ரிட்டர்ன் தலைவி பெயரில், பான் எண் தலைவியுடையது, நோட்டீஸும் அவள் வீட்டுக்கே வரும். ஆகவே ஜூன் 15-க்குள் தரப்பட வேண்டிய ஃபார்ம் 16 கைக்கு வந்த வாரமே தாள்களைக் கொடுத்துவிடுவதும், இணையதளத்தில் சொந்த எண்ணைப் பதிந்துவைப்பதும் தலைவிக்கு இயன்ற அறம்.

அரசுக்கு இயன்றது வேறு. நீலகிரி மாவட்டத்துக்கு மட்டுமேனும் கடைசி நாளை ஆடியிலிருந்து மார்கழிக்குத் தாமதக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். இதற்கான மனுவை நேரடி வரிகள் வாரியத்துக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். முறைப்படி எழுதித் தருவதாக ஆடிட்டர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். குறிப்புகளை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. நீல டிக்கும் விழுந்துவிட்டது.