டிசம்பர் கர்ணன்

அமெரிக்கப் புறநகரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இவர் ஒருவராவது இருப்பார். வருடத்தில் பதினோரு மாதம் நம்மைப் போலத்தான். சாரணர் சிறுமிகள் நிதிக்காக பிஸ்கட் விற்க வந்தால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். டிசம்பர் மூன்றாம் வாரம் வந்ததும் கை சிவக்க ஆரம்பித்துவிடும்.

காரணம், வீட்டு வாசலில் எண்ணெய் ஒழுக நிற்கும் பழைய மினிவேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் வளர்ந்தார்கள். சீட்டுக்கு அடியில் இன்னும் அவர்கள் சிந்திய சோளப்பொரி கிடக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது. மாற்றுகிற செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுப் பார்த்தார். ஒருவர் வந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார். மைத்துனர் மகனுக்குச் சும்மா தருகிறேன் என்றார். அந்தப் பையன் பஸ்ஸே வசதி என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரிதான் நம்மவருக்கு ஏழைகளின் நினைவு வந்தது.

அங்கே கார் தானம் வாங்க அறக்கட்டளைகள் எத்தனையோ. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இலவசமாக இழுத்துப் போகிறோம், வரிச் சலுகை உண்டு என்று ரேடியோவில் பாடியே கூப்பிடுகிறார்கள். போனை எடுக்குமுன் அவர் ‘கெல்லி புளூ புக்’கைத் திறக்கிறார். 1926-இலிருந்து அமெரிக்காவில் பழைய காருக்கு விலை சொல்லும் பஞ்சாங்கம் அது. வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறது. ‘நன்று’ என்று அழுத்துகிறார்.

“பின்கதவே திறக்காதே?” என்கிறார் மனைவி.

“உள்ளேயிருந்து திறக்கும்.”

விலை 3,800 டாலர் என்று வருகிறது. வருடம் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் அதை அப்படியே இந்த வருட வருமானத்தில் கழித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டபடி நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

அவருடைய அப்பா காலமாக இருந்தால் அது பலித்தும் இருக்கும். 2004 முடியும்வரை கொடுத்தவர் சொன்னதுதான் விலை. 2000-ஆம் வரி ஆண்டில் மட்டும் சுமார் 7,33,000 பேர் இப்படி 250 கோடி டாலர் கழித்துக்கொண்டதாகவும், அரசுக்கு 65.4 கோடி டாலர் வரி போனதாகவும் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-இல் கணக்கிட்டது. அதில் ஒரு லாரியின் கதையும் வருகிறது. கொடுத்தவர் எழுதிய மதிப்பு 2,400 டாலர். ஏலத்தில் போனது 375-க்கு. விளம்பரக்காரர், ஏலக்காரர் பங்கெல்லாம் போக அறக்கட்டளை கையில் விழுந்தது 31 டாலர் 50 காசு. உடனே சட்டத்தை மாற்றினார்கள். 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமென்றால், வண்டி எவ்வளவுக்கு விற்றதோ அவ்வளவுதான். அறக்கட்டளை வண்டியை விற்காமல் தானே ஓட்டினாலோ, பெரிய ரிப்பேர் செய்தாலோ, ஏழை ஒருவருக்குச் சும்மாவோ சொற்ப விலைக்கோ கொடுத்தாலோ மட்டும் விலக்கு உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர் நியாயம். அங்கே வரித் துறை பல்லையெல்லாம் பார்ப்பதில்லை, சந்தையில் விற்ற சீட்டைக் கொண்டா என்கிறது.

இதெல்லாம் நம்மவருக்குத் தெரியாது. இழுவை வண்டி வரும் காலையில் மினிவேனைக் கழுவி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கண்கலங்க வழியனுப்புகிறார். புத்தாண்டு விருந்தில் பேச்சு எதைப் பற்றிப் போனாலும் வளைத்து வண்டிக்குக் கொண்டுவந்து, “ஒரு குடும்பத்துக்கு உதவினால் சரி” என்று முடிக்கிறார். வேன் அதற்குள் ஏலத்தில் போய், எடைக்கு எடை இரும்பாகிவிட்டது.

பிப்ரவரியில் அறக்கட்டளையிடமிருந்து 1098-சி படிவம் வருகிறது. விற்ற தொகை: 325 டாலர். “மூவாயிரத்து எண்ணூறு டாலர் வண்டியை! கொள்ளைக்காரப் பசங்க!” என்று, போன மாதம்வரை புகழ்ந்த அதே அறக்கட்டளையை வைகிறார். 500-க்குக் கீழே விற்றால், வண்டியின் சந்தை மதிப்பு அவ்வளவு இருக்கும் பட்சத்தில், 500 வரை காட்டலாம் என்று சட்டம் இரக்கப்படுகிறது. அதுவும் வரியில் கழிவதல்ல, வருமானத்தில் கழிவது. 22 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 110 டாலர்.

அதையாவது பார்ப்போம் என்று வரிக் கணக்கு மென்பொருளில் 500 என்று தட்டுகிறார். திரையின் மேலே, திரும்பக் கிடைக்கும் பணத்தைக் காட்டும் எண் அசையவில்லை. மறுபடி தட்டுகிறார். அசையவில்லை. கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் 2025-க்கு எல்லோருக்கும் பொதுவான கழிவே 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி, மினிவேன் எல்லாம் கூட்டினாலும் இவர் அதைத் தொடவில்லை. தொடாதவருக்கு அந்த வருடம் தானத்துக்கென்று தனிக்கழிவு கிடையாது. பெரும்பாலான அமெரிக்கர்கள் இந்தப் பொதுக்கழிவுக்காரர்கள்தான்.

கர்ணன்கூட கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்துவிட்டு இந்திரனிடம் சக்தி ஆயுதம் வாங்கிக்கொண்டான். நம்மவர் எதுவும் வாங்கவில்லை. பிரதிபலன் இல்லாத தானம் என்று சாத்திரம் சொல்வதை, தன்னை மீறி, மிகுந்த வயிற்றெரிச்சலோடு செய்து முடித்துவிட்டார். மனைவிக்கு மட்டும் சந்தோஷம், வாசல் காலியானது.

அந்த ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வேனை நீங்களே காயலான் கடையில் போட்டு, வந்த பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 2026 முதல் பொதுக்கழிவுக்காரர்களும் தானத்துக்காகத் தனியே 1,000 டாலர்வரை, தம்பதியானால் 2,000 வரை, கழித்துக்கொள்ளலாம். பணமாகக் கொடுத்தால்தான் அந்தச் சலுகை, காருக்கு இல்லை.