உலக உருண்டையைத் திருத்தி அச்சிடக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, மொண்ட்ரியால்.

மாண்புமிகு அவையோருக்கு,

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் என்று உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், 2022 பிப்ரவரி கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை அடைத்தது. பதிலுக்கு ரஷ்யா 36 நாடுகளுக்கு அடைத்தது. அடுத்த மாதமே பின்லாந்தின் ஃபின்னேர் விமானம் வடதுருவம் வழியாகச் சுமார் 12,900 கிலோமீட்டர் சுற்றிப் போயிற்று. ஒன்பதரை மணிப் பயணம் பதின்மூன்று மணியானது. துருவத்தைக் கடந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். (ஊர் சுற்றிப் போகும் நம் பேருந்துகளும் இதைப் பரிசீலிக்கலாம்.) ஆனால் ஷாங்காயிலிருந்து அதே ஹெல்சிங்கிக்கு வரும் சீனாவின் ஜூன்யாவ் விமானம் சைபீரியாவுக்கு மேலே நேராக வந்துவிடுகிறது, அதே இரு ஊர்களுக்கிடையே பறக்கும் ஃபின்னேருக்கு அந்த வழி இல்லை. ஆக, தொலைவை முடிவுசெய்வது பூமியல்ல, வாலில் தீட்டிய வண்ணம். இதை மறைப்பானேன்? உங்கள் தூர அட்டவணைகளில் நாட்டுக்கொரு பத்தி சேர்த்து வெளியிடுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் வானம் மூடப்படுகிறது என்பீர்கள். மூட வேண்டிய இடத்தில் மூடியிருந்தால் அதை ஒப்புக்கொள்ளலாம். 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைன் வானம் 32,000 அடி வரைதான் மூடப்பட்டிருந்தது. மலேசிய விமானம் எம்.எச்.17 பறந்தது 33,000 அடியில். ஏவுகணை தாக்கி அதிலிருந்த 298 பேரும் இறந்தார்கள். ஏவுகணைக்குத் திறந்தே கிடந்த வானம், கோபத்துக்கு மட்டும் உடனே மூடிக்கொள்கிறது. ஆபத்து உண்மையானால் அது எல்லா விமானத்துக்கும் ஆபத்துதானே. சீனக் கொடியைப் பார்த்து ஒதுங்கிப்போகும் ஆபத்து எது? தன் வானம் தன் உரிமை என்பது அடுத்த பதில். 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, நெருக்கடி காலத்தில் தற்காலிகமாக வானத்தை மூடினாலும் பிற நாட்டு விமானங்களுக்கிடையே நாட்டுப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்த வரி நடப்பில் இருக்கிறதா, காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிவித்தால் புண்ணியமாகப் போகும். இதில் மாஸ்கோவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போட்ட தடையும் கொடி பார்த்துப் போட்டதுதான். 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வானத்தை அடைத்துக்கொண்டதும் அதே வகை.

புதிய அட்டவணை அச்சேறும்போது ஒரு சின்ன ஐயம் தீர்க்க வேண்டும். பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னாவில் இறங்கின. அந்த இறக்கத்தைத் தொலைவில் சேர்ப்பதா, நேரத்தில் சேர்ப்பதா, அயலுறவுச் செலவில் சேர்ப்பதா?

இப்படிக்கு,
டிக்கெட்டுக்கு முழுப்பணம் கட்டும் பயணிகள்